பலாபத்வலையில் நான் ஆர்ஜென்டீனாவைத் தோற்கடித்த கதை

மைக் பிடித்துப் பிழைக்கிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு. நல்ல செய்தி சொன்னால் செய்தியைக் கொண்டாடுவார்கள், கெட்ட செய்தி சொன்னால் சொன்னவரைத் தேடுவார்கள். தம்புள்ளை பஸ் இன்றைக்கு ஓடாது என்று பஸ் நிலையத்தில் அறிவித்தவர்கள், பாடசாலையில் பரீட்சை முடிவு வாசித்தவர்கள், கல்யாண மண்டபத்தில் பந்தி முடிந்துவிட்டது என்று சொல்ல அனுப்பப்பட்டவர்கள் எல்லாருக்கும் நான் சொல்வது புரியும். உங்களில் ஒருத்திதான் நானும்.

மாத்தளை டவுனில் என் வீட்டுக்காரர் ரவி சவுண்ட் சேர்விஸ் நடத்துகிறார். பெட்டி கட்டுவதும் வயர் இழுப்பதும் அவர். பேசுவது நான். த்ரீவீலில் உட்கார்ந்துகொண்டு சேலை மலிவு விற்பனை சொல்வேன். தேர்த் திருவிழாவில் காணாமல்போன பிள்ளை என்ன நிறச் சட்டை போட்டிருக்கிறது என்று சொல்வேன். தமிழும் சிங்களமும் ஒரே மூச்சில் வரும். கட்டாரில் உலகக் கோப்பை நடந்த வருஷம் ரவி ஒரு ப்ரொஜெக்டரும் பெரிய வெள்ளைத் திரையும் வாங்கிப்போட்டார். வர்ணனை இங்கிலீஷில் வந்தது, சனமோ தமிழில் கேட்டது. அதற்கென்று சேகர் அண்ணன் இருந்தார், ஊர்க் கிரிக்கெட்டுக்கெல்லாம் வர்ணனை சொல்லிப் பழகியவர். எங்கள் முதல் மெட்ச் அன்று காலையில் அவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ரவி என்னைப் பார்த்தார். கால்பந்தைப் பற்றி அன்றைக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: பந்து ஒன்று, வலை இரண்டு, விசில்காரர் ஒருவர்.

மூன்று தடவை கோல்

பலாபத்வலையில் ஏ-நைன் ரோட்டு ஓரத்தில் நஸீர் ஹாஜியாரின் ஹாட்வெயார் கடை. ஹாஜியார் பிறவி ஆர்ஜென்டீனா. கடைப் பலகைக்கே வெளிர்நீலமும் வெள்ளையும் அடித்திருந்தார். எதிரணி சவூதி என்பதால், எத்தனை கோல் என்று எண்ணத்தான் எல்லாரும் வந்திருந்தார்கள். பின்னேரம்தான் மெட்ச். வெளிச்சத்தில் படம் தெரியாது என்று சீமெந்துக் களஞ்சியத்துக்குள் திரையைக் கட்டி, தகரக் கதவையும் சாத்திவிட்டார்கள். உள்ளே ஊரே வெந்துகொண்டிருந்தது. பத்து நிமிஷத்தில் ஆர்ஜென்டீனாவுக்குப் பெனல்டியில் ஒரு கோல். எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பாதியிலேயே பந்து இன்னும் மூன்று தடவை வலைக்குள் போனது. மூன்று தடவையும் நான் கோல் என்று கத்தினேன், மூன்று தடவையும் ஓஃப்சைட் என்று இல்லாமல் போனது. முதல் தடவை வெளியே பட்டாசு வெடித்தது. இரண்டாவது தடவை சர்பத் ஊற்றினார்கள். மூன்றாவது தடவை எழும்பியது நான் மட்டும்தான். ரவி காதுக்குள் விளக்கம் சொல்ல, நான் மைக்கில் சொன்னேன்: சவூதிக்காரர்கள் பின்னால் ஒரே வரிசையாக நிற்கிறார்கள், பந்து கிளம்பும் நேரம் பார்த்து எல்லாரும் சேர்ந்து ஓரடி முன்னால் வந்துவிடுகிறார்கள், பஸ் வரிசையே முன்னால் நகர்ந்த பிறகு ஒருத்தர் மட்டும் தனியாக வடிகான் ஓரம் நிற்பதைப் போல ஆர்ஜென்டீனாக்காரர் அகப்பட்டுக்கொள்கிறார்.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே சவூதி இரண்டு கோல் போட்டுவிட்டது. தொழில் தர்மம் என்று ஒன்று இருக்கிறதே, அந்த இரண்டையும் நான் அதே சத்தத்தில், அதே சந்தோஷத்தில் சொன்னேன். எனக்கு வேறு சத்தம் தெரியாது. மெட்ச் முடிந்து தகரக் கதவைத் திறந்தார்கள். ஹாஜியார் ஒரு சீமெந்து மூட்டைமேல் உட்கார்ந்தபடியே என்னைக் கூப்பிட்டார். "தங்கச்சி, ஆர்ஜென்டீனா தோத்தது ஹரி, பரவால்ல. ஆனா நீங்க அதை மலிவு விற்பனை மாதிரி சொன்னீங்கதானே, அதுதான் தாங்க ஏலாம ஈக்குது."

எதிர்மலை போட்ட கோல்

மறுநாள் எல்கடுவையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பொது ஹோலில் ஜேர்மனிக்கும் ஜப்பானுக்கும் மெட்ச். சேகர் அண்ணனுக்கு இன்னும் காற்றுத்தான் வந்தது. மறுபடியும் நான்தான். ஆம்பளைப் பிள்ளைகள் எல்லாரும் ஜேர்மனிப் பக்கம் சாய்ந்திருந்தார்கள். முன்வரிசையை மட்டும் பாக்கியம் அக்கா என்கிற கொழுந்து பறிக்கிறவர், தன் லயத்து வரிசை வீட்டுப் பெண்களோடு வந்து பிடித்துக்கொண்டார். அவர்கள் முழுக்க ஜப்பான். ஏன் என்று கேட்டேன். பாக்கியம் அக்காவின் மகள் மாத்தளையில் ஜப்பான் பாஷை படித்துப் பாஸ் பண்ணிவிட்டு, அங்கே வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறாளாம். அந்த லயமே அவளோடு சேர்ந்து காத்திருந்தது.

முதல் பாதியில் ஜப்பானுக்குப் பந்தே கிடைக்கவில்லை. ஜேர்மனி ஒரு கோல் முன்னால். முன்வரிசைப் பெண்கள் மழைக்குப் போடுகிற கொங்காணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மழைக்குள் மலையில் நிற்கிறதைப் போல நின்றார்கள். இடைவேளைக்குப் பிறகு ஜப்பான் பயிற்றுநர் ஆட்டத்தையே கலைத்துப் போட்டார். பின்னால் மூன்று பேரை மட்டும் வைத்துவிட்டு, ஓரத்து ஆட்களை மேலே ஏற்றிவிட்டு, ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்த ஓட்டக்காரர்களை ஒவ்வொருவராக இறக்கினார். இறங்கினவர்களே இரண்டு கோலும் போட்டார்கள். நான் போட்ட சத்தம் ஹோர்ன் வழியாகப் போய் எதிர்மலையில் மோதி, 'கோல்' என்று திரும்பி வந்தது. வெளியே நின்ற சில பேர் ஜப்பானுக்கு மூன்று என்று வீட்டில் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

பெட்டிகளை ஏற்றும்போது பாக்கியம் அக்கா ஒரு போத்தலில் சூடாகப் பால் விடாத ப்ளேன்டி கொண்டுவந்து கொடுத்தார். மெட்ச்சைப் பற்றிப் பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார். "ஜெயிச்ச சந்தோசத்துல இன்னும் ரெண்டு பேர வேலைக்கு எடுப்பாங்கதானே தங்கச்சி?"

சித்தப்பா ஓஃப்சைட்

தெரியாமல் பேசி இனி அசிங்கப்படக் கூடாது என்று நான் ரவியிடம் பாடம் எடுத்தேன். அவர் சமையலறை மேசையில் ப்ளக்குகளைப் பரப்பி நாலு, மூன்று, மூன்று என்று அடுக்குவார். கோல் காப்பாளருக்கு உப்புப் போத்தல். இவர் முன்னால் போனால் அவர் பின்னால் வர வேண்டும், இடதுபக்கம் ஏறினால் வலதுபக்கம் இறங்க வேண்டும். இதைச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. பழகின வாய் மறுநாள் பகல் டவுனில் ஒரு கல்யாணத்துக்கு அறிவிப்புச் சொல்லப் போனது.

படம் எடுக்கிற நேரம். மேடையில் ஒரே நெரிசல், ஃபோட்டோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் மைக்கில், பெண் வீட்டார் இடது பக்கமாக மேலேறி வருகிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் நடுக்களத்தில் திரண்டு நிற்கிறார்கள், பின்களம் காலியாக இருக்கிறது, மாப்பிள்ளையின் சித்தப்பா தனியாக முன்னால் போய்விட்டார், சித்தப்பா ஓஃப்சைட் என்று சொல்லிவிட்டேன். பிறகு பின்னால் சாப்பாட்டுப் பந்தியிலிருந்து சிரிப்புக் கிளம்பி மேடைவரைக்கும் வந்தது. சித்தப்பா விறைப்பாகப் பின்னால் வந்து வரிசையில் நின்றார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். என் வேலை போச்சு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளையின் அப்பா என் பக்கத்தில் வந்தார். "எங்க குடும்பத்துல எத்தனையோ கல்யாணம் நடந்திருக்கும்மா, எங்க ஆளுங்க ஒரு வரிசைல நின்னது இன்னைக்குத்தான்."

ஆள் மாற்றம்

அந்த வாரமே சேகர் அண்ணனுக்குத் தொண்டை திறந்துவிட்டது. ஹாஜியார் ரவிக்குப் போன் பண்ணி, அடுத்த மெட்ச்சுக்குச் சேகரையே அனுப்பும்படி ரொம்ப மரியாதையாகச் சொன்னார். தங்கச்சி நல்லாத்தான் பேசுறா, ஆனால் ராசி என்று ஒன்று இருக்குதானே என்றாராம். எனக்கு ஆத்திரம். ஆர்ஜென்டீனா தோற்றால் எனக்கு நல்லது என்று நினைக்கிற அளவுக்கு ஆத்திரம். ஆர்ஜென்டீனாவோ சேகர் அண்ணன் பேசப் பேச வென்றுகொண்டே போனது. மெக்சிகோவை வென்றது, போலந்தை வென்றது, அவுஸ்திரேலியாவையும் வென்றது. மரக்கறிக் கடைக்குப் போனால், தோற்க வைத்த அக்கா வந்திருக்கிறார் என்று சிரித்துக்கொண்டே கூடுதலாக ஒரு பிடி கறிவேப்பிலை போடுகிறார்கள். ஒருநாள் சேகர் அண்ணன் வயர் சுருள் வாங்க வீட்டுக்கு வந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்று சொன்னார். "ஆர்ஜென்டீனாவும் ஆள மாத்திச்சு, ஹாஜியாரும் ஆள மாத்தினாரு, ரெண்டும் சரியாப் போச்சு, இதுல கோவிச்சுக்க என்ன இருக்கு வசந்தி?"

ஸ்பெயின் பெண் பார்க்க வந்தது

ஆண்கள் பக்கம் கதவு சாத்தினால் என்ன, பெண்கள் பக்கம் திறந்தது. டவுனில் ஸித்தி ராத்தா என்று ஒருவர். அவருடைய வீட்டு முற்றத்தில் பெண்கள் மட்டும் இருந்து மெட்ச் பார்க்க வேண்டும், வர்ணனையும் பெண் குரலில் வேண்டும் என்று ஆள் அனுப்பினார். மொரோக்கோவும் ஸ்பெயினும். ரவி திரையைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தெருவில் த்ரீவீலுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். முற்றத்தில் முப்பது நாற்பது பெண்கள், கதிரை போதாமல் பாய், அதன் நடுவில் ஒரு பெரிய தட்டு வட்டிலாப்பம். எல்லாரும் மொரோக்கோ. ஸித்தி ராத்தாவுக்கு ஒரு மகள் இருந்தாள், படித்த பிள்ளை. அந்த வருஷம் மட்டும் நாலைந்து இடத்திலிருந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு இடத்திலிருந்தும் பதில் வரவில்லை. இதைத் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் எனக்கு மெதுவாகச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைக்கே அதைப் பற்றிக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அவள்தான் அன்றைக்கு எல்லாரையும்விடப் பெரிய சத்தம்.

ஸ்பெயின்காரர்கள் பந்தை இவரிடம் கொடுத்தார்கள், அவர் அவரிடம் கொடுத்தார், அவர் திரும்ப இவரிடமே கொடுத்தார். மொரோக்கோ பதினொரு பேரும் தங்கள் வாசலுக்கு முன்னால் நெருக்கமாக நின்று எந்தப் பக்கமும் இடைவெளி விடவில்லை. பந்து அங்கேயும் இங்கேயும் போகிறது, உள்ளே மட்டும் போகவில்லை என்பதை நானும் எத்தனை விதமாகத்தான் சொல்வது? மேலதிக நேரமும் அப்படியே முடிந்து பெனல்டி வந்தது. அதிலும் ஸ்பெயினுக்கு ஒன்றுகூட விழவில்லை. மொரோக்கோ வென்றதும் முற்றமே எழும்பிக் கட்டிப்பிடித்துக்கொண்டது. வட்டிலாப்பத் தட்டு கவிழ்ந்ததை யாரும் பார்க்கவில்லை. ஸித்தி ராத்தா மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே திரையைப் பார்த்துச் சொன்னார். "தேத்தண்ணியும் குடிச்சு, பலகாரமும் சாப்பிட்டு, வீட்டுக்குப் போயி சொல்றோம்ண்டு போறவங்கள நானும் நெறையப் பார்த்தீக்கேன், இவங்களுக்குக் கதவச் சாத்தினது சரிதான்."

நடு மைதானத்தில் பந்து

கலேவெலையில் ஃபாரூக் முதலாளியின் அரிசி மில். நெல் காயப்போடுகிற சீமெந்துத் தரையில் திரை கட்டிக் கிடந்தது. வந்தவர்கள் அத்தனை பேரும் மஞ்சள் சட்டை, பிரேசில். எதிரணி குரோஷியா. தொண்ணூறு நிமிஷமும் குரோஷியா கோலை நோக்கி ஒழுங்காக ஒரு அடிகூட அடிக்கவில்லை. பந்தை நடுக்களத்தில் வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்திக்கொண்டிருந்தது. மேலதிக நேரத்தின் முதல் பாதி முடியும்போது பிரேசில் ஒரு கோல் போட்டது. தரையெல்லாம் மஞ்சள் துள்ளியது. துள்ளி முடிந்த கொஞ்ச நேரத்தில் ரோட்டுக்கு அந்தப் பக்கம் ட்ரான்ஸ்ஃபோமரில் டப் என்று ஒரு சத்தம். திரை போச்சு, மில் போச்சு, தெருவே போச்சு. என் மைக் மட்டும் பெட்டரியில் உயிரோடு இருந்தது.

அந்த இருட்டில் ரவி மாத்தளையில் இருக்கிற தன் மச்சானுக்குப் போன் பண்ணினார். மச்சான் டீவியைப் பார்த்து அவருக்குச் சொல்ல, அவர் எனக்குச் சொல்ல, நான் சனத்துக்குச் சொன்னேன். இரண்டு நிமிஷத்தில் போனும் அறுந்துவிட்டது. இனி எனக்கு ஒன்றும் தெரியாது என்று மைக்கிலேயே சொன்னேன். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, சும்மா இருட்டில் உட்கார ஏலாது, எதையாவது சொல்லுங்கள் என்று எல்லாப் பக்கமிருந்தும் சத்தம். இன்னொரு கோல் போட்டுவிடும்படியும் சில பேர் கேட்டார்கள். கோல் போட எனக்கு அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டேன். பந்தை நடு மைதானத்திலேயே வைத்துக்கொண்டேன். பிரேசில் அதை வலதுபக்கம் தட்டியது, திரும்ப எடுத்தது, இடதுபக்கம் தட்டியது, ஒருவர் குனிந்து சப்பாத்து லேஸ் கட்டினார், பந்து வெளியே போனது, திரும்ப உள்ளே வந்தது. என் ஆட்டத்தில் யாருக்கும் ஒரு ஆபத்தும் இல்லை. இருட்டிலிருந்து நல்ல பாஸ், நல்ல பாஸ் என்று கைதட்டினார்கள்.

ரவியின் போன் மறுபடி அடித்தது. குரோஷியா ஒன்று போட்டுச் சமன் பண்ணிவிட்டதாம், மெட்ச் பெனல்டிக்குப் போகிறதாம். அதைச் சொன்னேன். இருட்டு முழுக்க ஒரு பெருமூச்சு. பிறகு அந்தப் பெனல்டிகளை மச்சானின் வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன், பிரேசில் போய்விட்டது. கடைசியில் டோர்ச் ஒன்று என் முகத்தைத் தேடி வந்தது. பின்னால் ஃபாரூக் முதலாளி. "தங்கச்சி, நீங்க சொல்லிட்டிருந்த மெட்ச்சுல நாங்கதானே முன்னுக்கு நிண்டோம், அதையே முடிச்சு வச்சிருக்கலாமே."

ஹாஜியாரின் வியூகம்

ஆர்ஜென்டீனா இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டது. ஆர்ஜென்டீனாவுக்கு நான் பேசினது ஒன்று, அது தோல்வி. சேகர் அண்ணன் பேசினது ஐந்து, ஐந்தும் வெற்றி. அப்படிப்பட்ட சேகர் அண்ணனின் மச்சான் மகளுக்கு இறுதி ஆட்டத்தன்று ஹட்டனில் சேர்ச்சில் கல்யாணம். ஹாஜியார் அவரிடம் கெஞ்சிப் பார்த்திருக்கிறார், கல்யாணத்தை மாத்தளைக்குக் கொண்டுவர முடியுமா என்றுகூடக் கேட்டிருக்கிறார். கடைசியில் வேறு வழியில்லாமல் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். தேத்தண்ணீர் குடித்து முடியும்வரைக்கும் கூரைத் தகடு விலையைப் பற்றிப் பேசினார். பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தார்.

அவர் கண்டுபிடித்திருந்த வழி இதுதான். நான் எந்த அணிக்காக வந்து நிற்கிறேனோ அது தோற்கும். அதனால் இந்தத் தடவை நான் பிரான்ஸின் பக்கம் நின்று பேச வேண்டும். பிரான்ஸைப் புகழ வேண்டும், பிரான்ஸுக்காகக் கவலைப்பட வேண்டும். மற்றதை ஆர்ஜென்டீனா பார்த்துக்கொள்ளும். ரவி சிரிப்பை அடக்க முடியாமல் ஏதோ வயரைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டார். எனக்கு மானம் ஒரு பக்கம், ஆசை ஒரு பக்கம். உலகக் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு மைக் பிடிக்கக் கிடைத்தால் யார் விடுவார்கள்? சரி என்றேன். படியிறங்கின ஹாஜியார் திரும்பி நின்று விரலை நீட்டிச் சொன்னார். "மனசாரப் பேசணும் தங்கச்சி, சும்மா நடிக்கிறதுண்டா வேணாம், அல்லாஹ் பார்த்துட்டு ஈக்கான்."

எண்பதாவது நிமிஷம்

அதே சீமெந்துக் களஞ்சியம். தண்ணீர்ப் போத்தலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் மனசாரத் தொடங்கினேன். ஆனால் புகழ்வதற்குப் பிரான்ஸ் ஏதாவது செய்ய வேண்டாமா? ஆர்ஜென்டீனா வழமையாக வலதுபக்கம் ஆடுகிறவரை இடதுபக்கம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. அவரை யார் பிடிப்பது என்று பிரான்ஸுக்குத் தெரியவில்லை. ஒரு பெனல்டி, பிறகு ஐந்தாறு கால் மாறி வந்த அழகான ஒரு கோல். பிரான்ஸ் பயிற்றுநர் பாதி நேரம் வருவதற்கு முன்பே முன்களத்தார் இரண்டு பேரை வெளியே எடுத்துவிட்டார். நானோ, பிரான்ஸ் பொறுமையாக நிற்கிறது, பிரான்ஸ் வீரர்களின் சட்டை பாருங்கள் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தேன். ஹாஜியார் முன்வரிசையிலிருந்து எனக்குத் தலையாட்டி உற்சாகம் கொடுத்தார்.

எண்பதாவது நிமிஷம் நெருங்கும்போது என் மனம் கழன்றுவிட்டது. இவ்வளவு அழகாக ஆடுகிறவர்களை எவ்வளவு நேரம்தான் புகழாமல் இருப்பது? இனிப் பிரான்ஸ் பெட்டியைக் கட்டலாம், கோப்பை நமக்குத்தான் என்று வாய் சொல்லிவிட்டது. நமக்கு என்றே சொன்னேன். உடனே பிரான்ஸுக்குப் பெனல்டி, கோல். கூட்டம் மூச்சு விடுவதற்குள் இரண்டாவது கோல். களஞ்சியத்தில் இருந்த அத்தனை தலையும் திரையை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியது. பயத்தில் மறுபடி பிரான்ஸுக்குத் தாவினேன். மேலதிக நேரத்தில் ஆர்ஜென்டீனா ஒன்று போட்டது, எனக்கு உயிர் வந்தது. பிரான்ஸும் ஒன்று போட்டது, வந்த உயிர் திரும்பவும் போய்விட்டது. கடைசி நொடியில் பிரான்ஸின் ஒரு அடியை ஆர்ஜென்டீனாக் கோல் காப்பாளர் காலை நீட்டித் தடுத்ததை நான் பார்க்கவே இல்லை, கண்ணை மூடியிருந்தேன். பெனல்டி என்றதும் மைக்கை அணைத்து மேசையில் வைத்துவிட்டேன்.

ஹாஜியார் எழும்பி வந்தார். உண்மையைச் சொல்லுங்கள், உங்களுக்கு யார் வெல்ல வேண்டும் என்று கேட்டார். ஆர்ஜென்டீனா என்றேன். எப்போதிருந்து என்று எனக்கே தெரியாது. சவூதியிடம் தோற்ற அன்றைக்கே அது தொடங்கியிருக்க வேண்டும். ஹாஜியார் மைக்கைத் தன் கையால் எடுத்து, பொத்தானை அழுத்தி, என்னிடம் நீட்டினார், உள்ளதைப் பேசுங்கள் என்றார். பேசினேன். அடிக்கிறவரின் காலைப் பிடித்துக் கேட்கிற மாதிரிப் பேசினேன். ஒவ்வொரு பெனல்டிக்கும் களஞ்சியம் என் பின்னாலேயே முணுமுணுத்தது. கடைசிப் பந்து வலைக்குள் போனபோது நான் என்ன சொன்னேன் என்று இதுவரை யாருக்கும் தெரியாது, ரவி பதிவு பண்ணினதிலும் இரைச்சல்தான் இருக்கிறது. ஹாஜியார் ரவியைக் கட்டிப்பிடித்துப் பிள்ளை மாதிரி அழுதார். அழுது, முகத்தைச் சால்வையால் துடைத்து, என் பக்கம் வந்தார். "ராசி கீசி ஒண்டும் இல்ல தங்கச்சி, நான் எப்பயும் சொல்றதுதானே, ஆனா அடுத்த தரம் முதல் மெட்ச்சுக்கு மட்டும் சேகரக் கூப்பிடுவம்."

எல்கடுவையில் பூச்சியத்துக்குப் பூச்சியம்

பொங்கல் லீவில் அந்த எல்கடுவைத் தோட்டத்துப் பெண்கள் தாங்களே ஒரு மெட்ச் வைத்தார்கள். தோட்டத்தின் இரண்டு பிரிவுகள், மேல்கணக்கும் கீழ்க்கணக்கும். மேல்கணக்குக்குப் பாக்கியம் அக்கா கேப்டன். மெட்ச்சுக்கு இரண்டு நாளைக்கு முன் அவர் போன் பண்ணி, மொரோக்கோக்காரர்கள் எப்படி நின்றார்கள் என்று யாருக்கும் தெரியாமல் சொல்லித்தரச் சொன்னார். சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கே கீழ்க்கணக்குக் கேப்டனும் போன் பண்ணி அதையே கேட்டார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வரவில்லை. அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

விசில் அடித்ததும் மேல்கணக்குப் பதினொரு பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் போய் நெருக்கமாக நின்றார்கள். கீழ்க்கணக்குப் பதினொரு பேரும் தங்கள் கோலுக்கு முன்னால் போய் நெருக்கமாக நின்றார்கள். பந்து நடு மைதானத்தில் தனியாக இருந்தது. நான் மைக்கில், பந்து இருக்கிறது, இன்னும் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாய் வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது. பாக்கியம் அக்காவின் மகள் பொறுக்க முடியாமல் ஒருதரம் முன்னால் ஓடப் பார்த்தாள். ஜப்பானிலிருந்து இன்னும் அழைப்பு வராத பிள்ளை, காத்திருந்து களைத்தவள். அம்மா சட்டையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்தினார். பார்க்க வந்த ஆம்பளைகள் சிரித்துச் சிரித்துத் தேயிலைச் செடிமேல் விழுந்தார்கள். மைதானத்தில் நின்ற பெண்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் ஒருத்தரும் அசையவில்லை. பூச்சியத்துக்குப் பூச்சியம். இரண்டு கணக்கும் தோற்கவில்லை என்று இரண்டு கணக்கும் பட்டாசு வெடித்தன. கீழ்க்கணக்குக் கோல் காப்பாளர் கைக்குழந்தைக்காரி. ஆட்டம் எப்படி இருந்தது என்று அவளிடம் மைக்கை நீட்டினேன். "பந்து இந்தப் பக்கம் வரவே இல்லக்கா, நான் ரெண்டு தரம் வீட்டுக்குப் போயி பிள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்தேன்."

ஒரு வியூகம் எவ்வளவு நல்லது என்று தெரிய வேண்டுமானால், அதை எதிரணிக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டு ஓரமாக நின்று பார்க்க வேண்டும்.